நோயில்லாத ஏழாவது வார்டு

நியாயத்தை மனிதன் தேடத் தொடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அரசர்கள் தேடினார்கள். ஞானிகள் தேடினார்கள். நீதிமன்றங்கள் வாய்தா வாங்கி வாங்கி இன்னும் தேடுகின்றன. கடைசியில் அது ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நகரச் சுகாதாரத் துறை அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், நாற்பத்திரண்டு பக்கங்களில், ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கிடைத்தது. பத்தேகாலுக்கு அது, தன்னைக் கண்டுபிடித்தவருடைய மனைவியின் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டது.

கண்டுபிடித்தவர் துறையின் புள்ளிவிவர அதிகாரி. அலுவலகத்தில் அவரைத் தசமம் என்பார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதால் முகத்துக்கு நேராகவே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். டீ எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ஏழு புள்ளி இரண்டு ஐந்து" என்பார். பத்துக்கா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் விளக்குவார்.

அதுவரை நகரத்தின் பதினாறு வார்டுகளுக்கும் நர்ஸையும் மருந்தையும் பஞ்சையும் பங்கிட ஒரே ஒரு முறைதான் இருந்தது. எந்த வார்டு உறுப்பினர் மேசையை ஓங்கித் தட்டுகிறாரோ அந்த வார்டுக்கு. தசமம் அதை மாற்றினார். வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன நோய் என்று கேட்பது, ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மதிப்பெண் போடுவது, கூட்டிப் பார்த்துத் தேவை அதிகமான வார்டுக்கு அதிகமாகவும் குறைவான வார்டுக்குக் குறைவாகவும் கொடுப்பது. இதற்குத் தேவைச் சூத்திரம் என்று பெயர். உண்மையில் நல்ல காரியம்தான். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் பன்னிரண்டாவது வார்டில் ஆறு வருடமாக நர்ஸே கிடையாது. அங்கே மேசை தட்ட ஆளில்லை. மேசையும் இல்லை.

எந்தத் தனிமனிதனாலும் அசைக்க முடியாது என்பதுதான் சூத்திரத்தின் அழகு என்று தசமம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் படிவத்தில் தப்பாகச் சொல்லிவிட்டால்கூட ஒன்றும் ஆகாதாம். சராசரி என்ற கடலில் அது ஒரு துளியாம்.

பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டது. பன்னிரண்டாவது வார்டு முதலிடம். ஏழாவது வார்டு கடைசி. அங்கே நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் நோயாளிகள் மொத்தம் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஜலதோஷம். தேவை 0.03. ஆகவே ஏழாவது வார்டின் சுகாதார நிலையம் மூடப்படும். அங்கிருக்கும் நர்ஸ் பன்னிரண்டாவது வார்டுக்கு மாற்றப்படுவார். வெள்ளிக்கிழமை இயக்குநர் கையெழுத்துப் போட்டால் உத்தரவு.

அன்று காலை தசமத்துக்கு டிபன் டப்பா கட்டிக் கொடுத்தவர் அந்த நர்ஸ்தான்.

*

வீடு ஏழாவது வார்டிலேயே, நிலையத்திலிருந்து இரண்டாவது தெருவில் இருந்தது. மாலையில் வீடு திரும்பும் வழியெல்லாம் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று தசமம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் அதற்கு வேலை இருக்கவில்லை. சுற்றறிக்கை மத்தியானமே நிலையத்துக்குப் போய்விட்டிருந்தது. நர்ஸம்மா அதை நான்காக மடித்து, ஆடுகிற சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்திருந்தாள். மேசை ஆடவில்லை.

"என்கிட்ட சர்க்கரைக்கு மாத்திரை வாங்கறவங்க மட்டும் அறுபத்து மூணு பேரு," என்றாள். "கால் புண்ணுக்குக் கட்டு மாத்த வர்றவங்க பதினொண்ணு. உங்க ஆறு பேரு யாரு?"

"வர்றவங்கள வச்சுத் தேவைய அளக்கக் கூடாது. பதினோராம் பக்கத்துல போட்டிருக்கேன்."

"ஏன் கூடாது?"

"நல்லா கவனிக்கிற இடத்துக்குக் கூட்டம் வரத்தான் செய்யும். அது அவங்க தேவை இல்ல. உன்னோட திறமை."

கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் அவர் அவளுக்குச் சொன்ன முதல் பாராட்டு அது. அவள் அதை அப்படி எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"அப்போ நான் ஏனோதானோன்னு வேலை பார்த்திருந்தா நிலையம் தப்பிச்சிருக்கும்."

"இல்ல, அப்பவும் பதினோராம் பக்கப்படி..."

"சாப்பிடுங்க," என்றாள்.

சாப்பிடும்போது அவள் கத்தவில்லை, அழவில்லை. பன்னிரண்டாவது வார்டுக்குப் போவதில் தனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, அங்கேயும் மனிதர்கள்தானே இருக்கிறார்கள் என்றாள். பிறகு கண்டக்டரைப் பற்றிக் கேட்டாள். கண்டக்டர் என்பவர் முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்றவர். தனி ஆள். இடது பாதத்தில் ஆறாத புண். நிலையத்தின் இரண்டு படிகளை ஏறவே நர்ஸம்மாவின் தோளைப் பிடித்துக்கொள்கிறவர்.

"அவர் ரெண்டு பஸ் மாறி அங்க வந்து சேர்றதுக்குள்ள, கட்டு மாத்தறதுக்குக் கால் இருக்காது," என்றாள்.

தசமம் கல்நெஞ்சக்காரர் அல்ல. அவருடைய நெஞ்சு எங்கே இருக்கிறது என்பதை முதலில் ஒரு விதிமுறை சுட்டிக்காட்ட வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்துவிடுவதாகச் சொன்னார். எப்படி என்று கேட்டாள்.

"விதிப்படி," என்றார்.

மறுநாள் காலை வழக்கம்போல அவள் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். மாத்திரை என்ற சொல் தசமத்துக்குப் பிடிக்காது. அதைத் தடுப்பு நடவடிக்கை என்பார். நடவடிக்கையை எடுத்துவிட்டு அலுவலகம் போனார்.

*

பத்தொன்பதாம் பக்கத்தில் வழி இருந்தது. ஐயம் எழுந்தால் மறுகணக்கெடுப்பு நடத்தலாம். அதே கணக்கெடுப்பாளரே நடத்த வேண்டும், அப்போதுதான் ஒப்பிட முடியும்.

ஏழாவது வார்டின் கணக்கெடுப்பாளரைத் தோல்பை என்று எல்லோரும் அழைத்தார்கள். தோளில் தொங்கும் கறுப்புத் தோல்பை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கணக்கெடுப்பு வேலைக்கு விண்ணப்பித்தவர்களிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவர். சொந்த வண்டி இருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. வார்டின் எல்லா வீடுகளும் தெரியும் என்பது மட்டுமல்ல, எல்லோருடைய பிறந்த தேதியும் மனப்பாடம். பிறந்தநாளன்று காலை ஏழு மணிக்கு முதல் வாழ்த்து அவருடையதாகத்தான் இருக்கும். தசமத்தின் வீடு உள்பட எல்லா வீட்டுச் சுவரிலும் அவர் கொடுத்த காலண்டர் தொங்கியது. மற்ற வார்டுகளில் கதவைத் திறக்காத வீடுகள் நூறு, இருநூறு என்று இருந்தபோது, ஏழாவது வார்டில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு கதவுகளும் திறந்தன. தோல்பையின் தொழில் என்னவென்று தசமத்துக்குத் தெரியும். ஆனால் விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது.

தோல்பை செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை ஐந்துக்கு முடித்துவிட்டார். எந்த வீட்டிலும் இரண்டாவது வாக்கியத்துக்கு அவசியம் இருக்கவில்லை என்று பணிவாகச் சொன்னார்.

புதிய எண்ணிக்கையைத் தசமம் மூன்று முறை கூட்டிப் பார்த்தார். ஆறு ஜலதோஷமும் குணமாகியிருந்தன. இப்போது நோயாளிகள் யாரும் இல்லை. கேட்காமலே சிலர் குறிப்பும் கொடுத்திருந்தார்கள். "மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிறேன்" என்று ஒருவர். "தும்மிப் பல வருடம் ஆகிறது" என்று இன்னொருவர்.

படிவக் கட்டை வீட்டுக்கு எடுத்து வந்து, முதலாவதை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டாவதிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதுதான் அவருக்குப் புரியவில்லை. நர்ஸம்மாவும் தன் பங்குக்குக் கட்டு மாற்றும்போது கண்டக்டரிடம் விசாரித்திருந்தாள். அவர் சுவரில் தொங்கிய காலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, "அது வேற ரூட்டு, நர்ஸம்மா," என்று சொல்லிப் பேச்சை மழைக்குத் திருப்பிவிட்டாராம்.

புதன்கிழமை காலை பட்டியலில் 0.03 இருந்த இடத்தில் 0.00 என்று போடவேண்டி வந்தது. 0.03-ஐ யாரும் கவனித்திருக்கவில்லை. 0.00 இயக்குநரின் கண்ணில் பட்டது.

இயக்குநருக்கு மேடை என்றால் உயிர். பதவிக்கு வந்த நாளிலிருந்து நூற்று ஏழு திறப்பு விழாக்களில் ரிப்பன் வெட்டியிருக்கிறார். அதில் மூன்று, ஏற்கெனவே திறந்திருந்த கட்டடங்கள். அவர் தசமத்தைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவே முதல் தடவை.

"ஒரு வார்டு முழுக்க நோயே இல்ல. இதோட அர்த்தம் புரியுதாய்யா உமக்கு?"

தப்பு நடந்திருக்கிறது என்பதுதான் அர்த்தம் என்று சொல்லத் தசமம் வாயைத் திறந்தார்.

"வெற்றி," என்றார் இயக்குநர். "நோயாளி இல்லாததால மூடப்படுற முதல் சுகாதார நிலையம். திறப்பு விழா எவன் வேணா நடத்துவான். இப்படி ஒரு மூடுவிழா எவன் நடத்தியிருக்கான்? வெள்ளிக்கிழமை நானே வந்து பூட்டறேன். கேடயத்துக்குச் சொல்லிடுங்க."

*

மிச்சம் ஒரே வழி, நேரில் போவது. முப்பதாம் பக்கம் அதையும் அனுமதித்தது. அதிகாரி நேரடியாகச் சரிபார்க்கலாம், கணக்கெடுப்பாளர் உடன் வரவேண்டும். அன்று மத்தியானமே தசமம் புறப்பட்டார். பின்னாலேயே தோல்பையும் வந்தார்.

முதல் வீடு தையற்காரியுடையது. மூச்சிரைப்புக்கு வாரம் தவறாமல் நிலையத்துக்கு வருகிறவள். இவர்களைப் பார்த்ததும் மூச்சை இழுத்துப் பிடித்தாள். நோய் உண்டா என்று தசமம் கேட்க, இல்லையென்று தலையை ஆட்டினாள். வேறு ஏதாவது தொந்தரவு? அதற்கும் தலையை ஆட்டினாள். முகம் சிவந்து, பிறகு நீலமாகத் தொடங்கியது. நல்ல மனிதரான தோல்பை, "பாவம், வேலையா இருக்காங்க, நாம கிளம்பலாம் சார்," என்றார். தெருமுனை திரும்பும்போது பின்னால் யாரோ டயருக்குக் காற்றடிப்பதுபோலச் சத்தம் கேட்டது.

மளிகைக் கடைக்காரருக்கு முழங்கால் மடங்காது. அவர் இவர்களை வரவேற்பதற்காகச் சிரித்த முகத்தோடு எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார். பேசி முடித்து இவர்கள் கிளம்பும்வரை எழுந்து முடிக்கவில்லை. ஆனால் சிரிப்பு மட்டும் கடைசிவரை இருந்தது.

கண்டக்டர் இடது காலைச் செய்தித்தாளால் மூடி வைத்திருந்தார். மின்விசிறிக் காற்றில் தாள் பறந்து கட்டு தெரிந்தது. தசமம் அதைப் பார்த்தார். தோல்பையும் பார்த்தார். கண்டக்டர் தோல்பையைப் பார்த்தார்.

"என்ன கட்டு இது?" என்றார் தசமம், நம்பிக்கையோடு.

"குளிருக்கு."

"ஒரு கால்ல மட்டுமா?"

"இந்தக் கால்தான் ஜன்னல் பக்கம் இருக்கு."

வெளியே வரும்போது கண்டக்டர் தசமத்தின் சட்டைக் கையைப் பிடித்தார். "சார், உங்ககிட்ட தனியா ரெண்டு வார்த்தை..." என்றார். "என்ன ஆச்சு, உடம்பு ஏதும் முடியலையா?" என்று தோல்பை உண்மையான அக்கறையோடு நெருங்கி வந்தார். "ஒண்ணுமில்ல, பஸ் இப்பல்லாம் நேரத்துக்கு வர்றதில்ல, அதான்," என்று கண்டக்டர் கையை விட்டுவிட்டார்.

கண்ணால் கண்டதைத் தசமத்தால் எழுத முடியவில்லை. பதினான்காம் பக்கம் அதைத் தெளிவாகத் தடுத்திருந்தது. பார்த்ததை எழுதக் கூடாது, சொன்னதைத்தான் எழுத வேண்டும். பார்ப்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும் என்று அவரே காரணமும் எழுதியிருந்தார். ஆகவே அன்று போன நாற்பது வீடுகளிலும் நோய் இல்லை என்று எழுதி, கீழே "நேரில் சரிபார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டார். சாயங்காலத்துக்குள் அந்தக் கையெழுத்தை இயக்குநர் பெரிதாக்கி அழைப்பிதழில் அச்சடிக்கக் கொடுத்துவிட்டார்.

*

வியாழக்கிழமை தசமம் சூத்திரத்திலேயே கை வைத்தார். தன் பிள்ளையின் மூக்கைத் தானே திருத்துவதுபோல வேதனையாக இருந்தது. ஆனாலும் வேறு வழியில்லை. ஏழாவது வார்டில் முதியவர்கள் அதிகம். வயதுக்கு ஒரு மதிப்பெண் சேர்த்தால் நோயில்லாமலேயே தேவை ஏறிவிடும். தோல்பையின் தயவில் எல்லோருடைய பிறந்த தேதியும் துல்லியமாக இருந்தது. சேர்த்தார். பொத்தானை அழுத்தினார்.

சூத்திரம் கொஞ்சம் யோசித்தது. அறுபது வயதில் நோயில்லாதவன் ஆரோக்கியமானவன், எண்பது வயதில் நோயில்லாதவன் அதைவிட ஆரோக்கியமானவன் என்று அது முடிவுகட்டியது. ஏழாவது வார்டின் தேவை பூஜ்ஜியத்திலிருந்தும் கீழே இறங்கிக் கழித்தல் 0.40 ஆனது. அதாவது அந்த வார்டுக்கு எதுவும் தேவையில்லை என்பதோடு நிற்காமல், அதுதான் மற்ற வார்டுகளுக்கு 0.40 நர்ஸ் தந்தாக வேண்டும்.

திருத்திய பட்டியல் தானாகவே எல்லா நிலையங்களுக்கும் போய்விட்டது. சாயங்காலம் நர்ஸம்மா கதவைத் திறந்தபோது அவர் செருப்பைக் கழற்றும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

"புள்ளி நாலு நர்ஸ் தரணுமாம். என்கிட்ட எதை வெட்டறதா உத்தேசம்? கையா, காலா?"

"அது ஒரு சராசரி..."

"தலைய மட்டும் விட்டுடச் சொல்லுங்க. இந்த வீட்டுல ஒண்ணாவது வேணும்."

தசமம் நாற்காலியில் உட்கார்ந்தார். நான்கு நாளாக எல்லாம் விதிப்படிதான் செய்ததாகவும், ஒவ்வொரு விதியும் சரியாகத்தான் இருப்பதாகவும், எல்லாம் சேர்ந்து எப்படித் தப்பாகிறது என்று புரியவில்லை என்றும் சொன்னார். அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து, அவர் சட்டைப் பையில் கசிந்துகொண்டிருந்த பேனாவை எடுத்து மூடினாள்.

"பதினேழு வருஷமா நான் ஒரே ஒரு விதிதான் வச்சிருக்கேன்," என்றாள். "கட்டைப் பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் மருந்து போடுவேன்."

அதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று அவர் யோசித்தார். இடமில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு மூடுவிழா. அவசரத்தில் தசமம் படிவக் கட்டோடு ஒன்பதுக்கே நிலையத்துக்கு ஓடிவந்துவிட்டார். வாசலில் "நோயில்லா வார்டு" என்று பலகை மாட்டியாகிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் கட்டு மாற்றும் நாட்கள் என்பதால் நோயாளிகளும் வழக்கம்போல வந்து, பெஞ்சுகளில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். எழுபது பேருக்குக் குறையாது. உதைத்தால்தான் எடை காட்டும் இயந்திரத்தின் மேல்கூட ஒருவர் உட்கார்ந்திருந்தார். தோல்பை முன்வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் ஒரு கையில் பளபளக்கும் பித்தளைப் பூட்டோடு வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இத்தனை ஆரோக்கியமான மனிதர்களை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை," என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் மூன்று பேர் இருமினார்கள். தோல்பை திரும்பிப் பார்க்க, இருமல் நின்றது. இயக்குநர் இருபது நிமிடம் பேசினார். பிறகு, உங்கள் ஆரோக்கியத்தின் ரகசியத்தை இந்த நகரத்துக்குச் சொல்லுங்கள் என்று கேட்டார். எழுபது ஜோடிக் கண்களும் தோல்பையின் மேல் இருந்தன.

கேடயத்தைக் காரிலேயே மறந்துவிட்டது அப்போதுதான் இயக்குநருக்கு நினைவு வந்தது. சந்து குறுகலானதால் காரைத் தெருக்கோடியில் நிறுத்தியிருந்தார். முன்வரிசையில் நல்ல காலோடு உட்கார்ந்திருந்த ஒரே ஆளான தோல்பையை எடுத்துவரச் சொன்னார். தோல்பை உற்சாகமாகக் கிளம்பினார்.

கண்டக்டர் கழுத்தை நீட்டி, அவர் முனை திரும்பும்வரை பார்த்தார்.

"இறங்கிட்டாரு," என்றார். பிறகு கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி, இயக்குநரின் பூட்டுக்குப் பக்கத்தில் மேசை மேல் வைத்தார். "சார், பூட்டை உள்ள வைங்க. எனக்குச் சர்க்கரை இருக்கு, புண்ணு இருக்கு, ஒரு கண்ணு சரியாத் தெரியல. இங்க உட்கார்ந்திருக்கிறவங்க யாருக்கும் ஜலதோஷம் ஒண்ணுதான் இல்ல."

அதற்குப் பிறகு யாராலும் அணைபோட முடியவில்லை. தையற்காரி நான்கு நாளாக அடக்கிய மூச்சையெல்லாம் விட்டுச் சொன்னாள். மளிகைக் கடைக்காரர் முழங்காலைக் காட்டினார். இதயம், சிறுநீரகம், மூலம் என்று நாலா பக்கமிருந்தும் வந்து விழுந்தன. இயக்குநர் பூட்டை மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு தசமத்தைப் பார்த்தார்.

"நேரில் சரிபார்த்தேன்னு உம்ம கையெழுத்து இருக்கே."

தசமம் எழுந்தார். நான்கு நாள் பட்ட அவமானமும், தன் சூத்திரத்தின் மேல் இருந்த பாசமும், பெற்றவன் கோபமாக ஒன்றாகத் திரண்டு வந்தன. பொய்த் தகவல் தருவது சமூகத்துக்குச் செய்யும் துரோகம் என்றார். பன்னிரண்டாவது வார்டையும் தம்மையும் இவர்கள் சேர்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்றார். ஒவ்வொருவனும் நான் ஒருத்தன்தானே, நான் சொல்லாமல் விட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தால் எந்தச் சூத்திரம் தாங்கும் என்று கேட்டபோது அவர் காதெல்லாம் சிவந்திருந்தது.

"ஏன் சொல்லல? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க," என்று முடித்தார்.

"கேட்டது யாரு சார்?" என்றார் கண்டக்டர். "எங்க வார்டுக்கே ஆயுள் காப்பீடு போடற ஏஜென்ட். உடம்புல ஒரு வியாதியும் இல்லன்னு கையெழுத்து வாங்கித்தான் எல்லாருக்கும் பாலிசி போட்டாரு. அவர்கிட்ட பாலிசி எடுக்காத வீடே இங்க கிடையாது. அதே மனுஷன் அதே பையோட வந்து, உனக்கு என்ன வியாதின்னு கேட்டா, எந்த மடையன் சொல்லுவான்? அடுத்த வாரமே திரும்பவும் வந்தாரு. சரி, சந்தேகப்படறாங்க போலன்னு ஜலதோஷத்தைக்கூட வாபஸ் வாங்கினோம். மறுநாள் பார்த்தா அவருக்குத் துணையா பெரிய அதிகாரி நீங்க வேற வர்றீங்க."

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேடை அனுபவம் உள்ளவர் என்பதால் சீக்கிரம் சுதாரித்துக்கொண்டு, தவறான புள்ளிவிவரத்திலிருந்து ஒரு நிலையத்தைத் தக்க நேரத்தில் காப்பாற்றியதில் தமக்கு மகிழ்ச்சி என்று அறிவித்தார். கைத்தட்டல் பலமாக இருந்தது. ஏழாவது வார்டு நிலையம் மூடப்படாது. பன்னிரண்டாவது வார்டுக்கு என்ன வழி என்று நர்ஸம்மா கேட்டாள். அவர் யோசித்தார். தலைமை அலுவலகத்தில் தபால் பிரிவில் ஒரு நர்ஸ் எட்டு வருடமாக உறை ஒட்டிக்கொண்டிருப்பதை அவளே நினைவூட்டினாள். அந்த நர்ஸ் திங்கட்கிழமையே பன்னிரண்டாவது வார்டுக்குப் போவார் என்று இயக்குநர் அதையும் அறிவித்தார். அதற்கும் கைத்தட்டினார்கள்.

படிவங்களை மட்டும் இப்போதே, தோல்பை கேடயத்தோடு திரும்புவதற்குள், முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்திவிட வேண்டும் என்றார் இயக்குநர். பெயர் வேண்டாம், எண்ணும் தொழிலும் போதும், அவரவர் கையைத் தூக்கி உண்மையைச் சொல்லட்டும். சத்தமாகப் படிக்க யார்? முப்பத்தொரு வருடம் நிறுத்தம் நிறுத்தமாகக் கூவிய குரல் அங்கே ஒன்றுதான் இருந்தது. படிவக் கட்டைக் கண்டக்டரின் மடியில் வைத்தார்கள்.

"அதை ஆபீஸ்ல வச்சு நிதானமாப் பார்த்துக்கலாமே," என்றார் தசமம். இதுவரை இல்லாத மென்மையான குரலில் சொன்னார்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்டக்டர் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நர்ஸம்மா உள்ளேயிருந்து ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து கணவனின் பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் ஐந்து நாளுக்குப் பிறகு சிரிப்பு இருந்தது.

"நல்ல ஆளு போங்க. காலைல பிரஷர் மாத்திரை போடாமலே ஓடி வந்துட்டீங்க. இந்தாங்க."

கண்டக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் தாளை நல்ல கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"படிவம் எண் ஒண்ணு. குடும்பத் தலைவர் தொழில், புள்ளிவிவர அதிகாரி. ரத்த அழுத்தம், இல்லை."